காவல் இல்லாமல் போன மாத்திரை

என் மாமனார் தான் குடித்த டீ கப்பைக்கூடக் கழுவி வைத்தவர் இல்லை. குடித்த இடத்திலேயே நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து போவார். அது தானாக நடந்து சமையலறைக்குப் போய்விடும் என்று நினைப்பு. அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் காலையில் மகனுடைய மூத்திரப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் போனார். நான் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டேன்.

"மாமா, வைங்க. நான் கொட்டிக்கிறேன்."

"இருக்கட்டும்மா. வேலைக்குப் போற பொண்ணு நீ. எல்லாத்தையும் ஒருத்தியே எத்தனை நாளைக்குப் பாப்ப?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கலங்கியது உண்மை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் காலடியில் தனியாக இருக்கும் பிரேக்கை மிதித்து மிதித்து, தொண்டை கிழியக் கத்துவதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு யாரிடமும் கத்தவில்லை. டிரைவிங் ஸ்கூலில் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார்கள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மாமா, என் வீட்டுக்காரர், நான். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் ஏணியில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவருக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லை. மழையில் பைக் சறுக்கி, நடுரோட்டில் விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, ரோட்டுச் சேற்றையும் தொட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் கழுவி, எலும்பைச் சேர்த்து, மேலே தகடு வைத்துத் திருகாணி முடுக்கித் தைத்தார்கள். தையல் பிரித்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் தழும்புக்கு நடுவே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை வந்தது. முதலில் தண்ணீராகக் கசிந்தது, பிறகு மஞ்சளாக.

"உள்ள யாரோ குடி வந்துட்டான் டீச்சர்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "கேக்காம வந்து, கதவையும் சாத்திக்கிட்டான்."

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டும் இப்படி ஏதாவது சொல்வார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எலும்பு டாக்டரம்மா தேன் தடவிப் பேசத் தெரியாதவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கிருமி சதையில மட்டும் இருந்தா மருந்து போய் அடிச்சிடும். இது தகட்டுல ஒட்டிக்கிட்டிருக்கு. ஒட்டிக்கிட்டு, மேல வழவழன்னு ஒண்ணைப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கு. தண்ணித் தொட்டியில பாசி பிடிச்சா தண்ணி ஊத்தினாப் போயிடுமா? சுரண்டணும். தகட்டை எடுத்துட்டு, செத்துப்போன எலும்பைச் சுரண்டி, பல இடத்துலேருந்து துண்டு எடுத்து லேபுக்கு அனுப்புவேன். அவங்க வளர்த்துப் பாத்து, இது என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும்னு சொல்லுவாங்க."

"சரி டாக்டர்" என்றேன்.

"இன்னும் முடிக்கல. ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ஒரு ஆன்டிபயாடிக்கும் உள்ள போகக் கூடாது. மருந்துல பாதி மயங்கின கிருமி லேபுல வளராது. வளரலேன்னா எனக்கு எதிரி யாருன்னே தெரியாது. கண்ணைக் கட்டிக்கிட்டு அடிக்கிற மாதிரி ஆயிடும்."

"சீழ் வந்துக்கிட்டிருக்கும்போது மருந்தே இல்லாமலா?" என்றார் மாமா. மாமா வாழ்நாள் முழுக்க மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நின்றவர். கடையை இன்னொருவரிடம் விட்ட பிறகும், தினமும் மாலையில் அங்கே போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு வருவார்.

"ஆமா, இல்லாமத்தான். காய்ச்சல் அடிச்சா உடனே போன் பண்ணுங்க. மத்தபடி வலி மாத்திரை மட்டும்." டாக்டரம்மா கொஞ்சம் இறங்கி வந்தார். "பயப்படாதீங்க. அந்த வழவழப்புக்குள்ள புகுந்து அடிக்கிற மருந்து ஒண்ணு இருக்கு."

"ரிஃபாம்பிசினா டாக்டர்?" என்றார் மாமா.

"அட, ஆமாங்க."

மாமா எங்களைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன் முகம். அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்னதை அவர் காதில் வாங்கினாரா என்று எனக்கு இன்றுவரைக்கும் சந்தேகம்தான்.

"ஆனா அது தனியாப் போகக் கூடாது. கூடவே காவலுக்கு இன்னொரு மருந்து போகணும். யார் காவல்னு லேப்தான் சொல்லணும்."

என் வீட்டுக்காரர் எக்ஸ்ரேயைப் பார்த்தபடி, "இதெல்லாம் பண்ணியும் சரியாகலேன்னா?" என்று கேட்டார்.

"முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்."

வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலில் நின்றபோது அவர், "ஒத்தைக் கால்ல ஏணி ஏற முடியாதுல்ல" என்றார். என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. நான் பச்சை விளக்கு வந்ததைக்கூடப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

முதல் சில நாட்கள் நரகம்தான். துளை பெரிதானது. கட்டு மாற்றும்போது வாடை வந்தது. அவர் முனகலைத் தலையணையில் புதைத்துக்கொள்வார். நான் வேலைக்குக் கிளம்பும்போது மாமா அந்த அறை வாசலிலேயே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் நிற்பார். நான் இல்லாத நேரமெல்லாம் அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு கிடந்தவர் அவர்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகுதான் மாமா மூத்திரப் பாட்டிலைக் கையில் எடுத்தார். அதற்கடுத்த நாட்களில் கசிவு குறைய ஆரம்பித்தது. ஒரு நாள் கட்டைப் பிரித்தால் பஞ்சு காய்ந்திருந்தது. வாடை போயிருந்தது. அவர் முனகாமல் தூங்கினார். எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. சமையலறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய செக்கப்புக்கு நானும் அவரும் மட்டும்தான் போனோம். மாமா முட்டி வலி என்று நின்றுவிட்டார். டாக்டரம்மா கட்டைப் பிரித்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்தினார். இன்னும் அழுத்தினார். அவர் முகம் மாறியது.

"ஒண்ணுமே வரலையே."

"நல்லதுதானே டாக்டர்?"

"நல்லதில்ல. என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"வலி மாத்திரை மட்டும்தான். அப்புறம் விட்டமின்."

"ஆன்டிபயாடிக்?"

"இல்ல."

"வீட்டுல வேற யாராவது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "டாக்டர், நீங்க சொன்னதை ஒரு வரி மாத்தாம செஞ்சிருக்கேன். மனுஷன் வலியில துடிச்சப்பகூடக் கல்லு மாதிரி நின்னேன். புண்ணு ஆறியிருக்கு, அதுக்குச் சந்தோஷப்படாம என்னைக் குத்தவாளி மாதிரி நிக்க வச்சுக் கேக்கறீங்களே?"

"உங்களைப் பொய் சொல்றீங்கன்னு சொல்லல. இந்தக் காலை நம்பச் சொல்றேன். மருந்து போகாம இந்த மாதிரிப் புண்ணு தானா உலராது. வீட்டுக்குப் போய் நல்லா யோசிச்சுப் பாருங்க."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று பொருமிக்கொண்டே வந்தேன். வீட்டில் மாமாவிடம் சொன்னேன், அந்த அம்மாவுக்குத் தலைக்கனம் என்று. மாமா, "பெரிய டாக்டருங்க அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வழக்கமாக வரும் கண்ணாடிக்காரருக்கு வகுப்பு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏதோ ஆபீஸில் கணக்கு எழுதுபவர், ஸ்டியரிங்கைக் கண்டாலே வேர்த்துவிடும் ஜாதி. எங்கள் தெருப் பக்கம் வந்தபோது, வீட்டில் வைத்துவிட்டு வந்த லைசென்ஸ் ஞாபகம் வந்தது. அவரை வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். மாமா முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். கட்டிலுக்கு அடியில் பாட்டில் நிறைந்திருந்தது. வந்ததுதான் வந்தோம், கொட்டிவிட்டுப் போவோம் என்று எடுத்தேன்.

ஆரஞ்சு நிறம். சாயப்பட்டறைத் தண்ணீர் போல இருந்தது.

"ஐயய்யோ, ரத்தமா? எவ்ளோ நாளா இப்படிப் போகுது? வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்ல மாட்டீங்களா?"

"எதுக்குக் கத்துற? விட்டமின்டி அது. அதைத் தின்னா கலரா வரும்னு அப்பா சொன்னார்."

"எந்த விட்டமின்?"

ஜன்னல் ஓரத்தைக் காட்டினார். பழகிய பழுப்பு டப்பா, பழகிய லேபிள். நான்தான் வாங்கி வந்தது. நான் வாங்கியபோது உள்ளே இருந்தவை மஞ்சள் மாத்திரைகள். மூடியைத் திறந்து கையில் கொட்டினேன். செங்கல் நிறத்தில் கேப்ஸூல்கள் விழுந்தன.

அவரும் பார்த்தார்.

"அப்பா தன் கையாலதான் எடுத்துக் குடுப்பார்" என்றார் மெதுவாக. "தண்ணியோட. நான் பாக்கவே இல்ல டீச்சர்."

நான் டப்பாவைக் கைப்பையில் போட்டேன். பாட்டிலை மூடித் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"அண்ணே, தள்ளுங்க. அந்தப் பக்கம் போங்க."

"மேடம், இன்னும் என் நேரம் முடியலையே…"

"உயிர் போற விஷயம்ண்ணே, தள்ளுங்கன்னா! இதைக் கையில பிடிங்க. சாய்ச்சிடாதீங்க."

"இது என்ன மேடம்?"

"மூத்திரம்."

பாவம், அந்த மனிதர் ஆஸ்பத்திரி வரைக்கும் மூச்சு விடவில்லை. கையில் குழந்தையை வைத்திருப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். கூரையில் எல் போர்டு மாட்டிய வண்டி பஸ்ஸை முந்திக்கொண்டு போவதை அன்றைக்குத்தான் அந்த ரோடு பார்த்திருக்கும். வழியெல்லாம் வலது கால் ஆக்ஸிலேட்டரில் கிடந்தது, இடது கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்தது.

டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். ஒரே பார்வை. நான் டப்பாவைத் திறப்பதற்குள் அவரே மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டார்.

"ரிஃபாம்பிசின். மூத்திரம், வேர்வை, கண்ணீர் எல்லாம் இந்தக் கலர்ல வரும். தலையணை உறையில கறை பாக்கலையா?"

பார்த்திருந்தேன். புண்ணுக்குத் தடவும் மருந்தின் கறை என்று நினைத்து அலசிப் போட்டிருந்தேன். மாமா எதற்காகப் பாட்டிலைக் கையில் எடுத்தார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. என்னைப் பார்க்க விடாமல் இருப்பதற்காக. அதற்குப் போய் நான் கண் கலங்கியிருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அறையின் சுவரை இடித்துத் தள்ளியிருப்பேன்.

"நேத்து உங்ககிட்ட மரியாதை இல்லாமப் பேசிட்டேன் டாக்டர்."

"அதை விடுங்க. உக்காருங்க." அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது. "இதைக் காவல் இல்லாம அனுப்பினா, கிருமி கொஞ்ச நாள்லயே இதைப் பழகிக்கும். இதுக்குச் சாகிறது செத்துடும். சாகாத ஒண்ணு ரெண்டு பெருகும். அப்புறம் இந்த மருந்து அதுக்கு வெறும் தண்ணி. எங்கிட்ட இருந்ததுலயே நல்ல ஆயுதம் இதுதான்."

"பழகியிருக்குமா?"

"தெரியல. லேப்தான் சொல்லணும். ஆபரேஷனைத் தள்ளி வைக்கிறேன். மறுபடியும் முதல்லேருந்து ரெண்டு வாரம். இதுவரைக்கும் தூங்கினது இனிமே முழிச்சுக்கும். தயாரா இருங்க."

வீட்டுக்கு வந்தபோது மாமா புதிதாக வெட்டிய முடியோடு மகனின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் டப்பாவை அவர் மடியில் வீசினேன். மாமனார் முன்னால் அதுவரை நான் குரலை உயர்த்தியதில்லை.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க மாமா? சொந்தப் பிள்ளை காலை நீங்களே வெட்டப் பாத்தீங்களே!"

மாமா டப்பாவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "எப்படியும் இதைத்தானம்மா குடுக்கப் போறாங்க. அந்த டாக்டரே சொன்னாங்களே. குடுக்கப் போறதை ரெண்டு வாரம் முன்னாடி குடுத்தா என்ன? அவன் முனகறது உனக்குக் கேக்காது. நீ காலையில போயிடுவ. நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"காவலுக்கு ஒண்ணு கூடப் போகணும்னு சொன்னாங்களே, அது காதுல விழல?"

"கடையில எத்தனை பேருக்கு ரெண்டு மாத்திரை, மூணு மாத்திரைன்னு குடுத்திருக்கேன். வலின்னு கை நீட்டினவனை இல்லேன்னு சொல்லி அனுப்பினதே கிடையாதும்மா. எல்லாரும் நல்லா ஆயிட்டதாத்தான் வந்து சொல்லுவாங்க."

"ஆகாதவன் எவன் வந்து சொல்லுவான்?"

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடி, "அப்பா, கொஞ்ச நேரம் வெளிய போங்க" என்றார். அவர் அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாமா எழுந்து போனார். போகும்போது அந்த டப்பாவை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல், கடைசியில் விட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது காத்திருப்பில் டாக்டரம்மா சொன்னது அப்படியே நடந்தது. கிருமி முழித்துக்கொண்டது. துளை மறுபடி திறந்தது. கால் வீங்கி, தோல் பளபளத்து, தொட்டால் அடுப்பாகச் சுட்டது. மாமா சாப்பாட்டுக்கு மட்டும் கூடத்துக்கு வருவார். நான் தட்டை வைப்பேன், பேச மாட்டேன். கடைப் பக்கம் அவர் போவதையே விட்டுவிட்டார்.

கெடு முடிய இன்னும் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரருக்கு நடுக்கம் கண்டது. பல் கிட்டியது. எத்தனை போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன். ஆபரேஷனில் இருக்கிறார், வெளியே வந்ததும் கூப்பிடுவார் என்றார்கள்.

"டீச்சர்… ஏதாவது குடுடி. என்னால முடியலடி."

அந்த டப்பா அலமாரி மேல்தான் இருந்தது. தூக்கிப் போட வேண்டும் என்று நினைத்து, போடாமலே இருந்துவிட்டேன். எப்படி எழுந்தேன், எப்படி அதை எடுத்தேன் என்று தெரியாது. மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். ஒன்றே ஒன்று. நடுக்கம் நின்றால் போதும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பினால் வாசலில் மாமா நிற்கிறார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்தார்.

"வேண்டாம்மா" என்றார். "நான் பண்ணினது போதும்."

அந்த நிமிஷம் அந்த மனிதரை எனக்கு முழுசாகப் புரிந்தது. புரிந்ததனால் கோபம் ஒன்றும் குறையவில்லை. ஆனால் டப்பாவை அவரிடம் நீட்டினேன். அவர் அதைக் கழிவறையில் கொண்டுபோய்க் கொட்டித் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. அப்போதே போனும் அடித்தது.

"உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. "உள்ள எதுவும் குடுக்கலையே?"

"இல்ல டாக்டர்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்று மாலையே ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். கதவுக்கு வெளியே நானும் மாமாவும் ஒரே பெஞ்சில் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா வெளியே வந்தபோது மாஸ்க் கழுத்தில் தொங்கியது. தகட்டை எடுத்தாயிற்று, சீழ் எலும்புக்குள் வரைக்கும் இறங்கியிருந்தது, செத்த எலும்பை வெட்டி எடுத்தாயிற்று என்றார். காலுக்கு வெளியே வளையங்கள் போட்டு, கம்பி கோத்து நிறுத்தியிருக்கிறார். துண்டுகள் லேபுக்குப் போய்விட்டன. எடுத்த பிறகுதான் ஊசி மருந்தையே ஆரம்பித்தார்களாம்.

"அந்த மருந்து இன்னும் வேலை செய்யும்னு லேப் சொன்னா, சீக்கிரமே உள்ள ஒரு கம்பி விட்டு இந்த வளையத்தையெல்லாம் கழட்டிடலாம். செய்யாதுன்னு சொன்னா…" அதோடு நிறுத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் என் போன் அடிக்கும்போதெல்லாம் லேப் முடிவோ என்று பாய்ந்து எடுத்தேன். வண்டியில் கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது அந்த அழைப்பு வந்தது. ஓரமாக நிறுத்தச் சொன்னேன். அந்த மனிதர் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, அழகாக நிறுத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக.

"கிருமி வளர்ந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "அனுப்பின துண்டு எல்லாத்துலயும் ஒரே கிருமி. ஸ்டாஃபைலோகாக்கஸ். தோல்லயும் மூக்குலயும் சாதாரணமா இருக்கிறதுதான். பேர் தெரிஞ்சுபோச்சு, அது நல்ல சேதி."

"அந்த மருந்து?"

"கேக்கல. அதுக்குப் பழகிடுச்சு."

நான் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

"கேளுங்க. வேற ரெண்டு மருந்து கேக்குது. ஆனா அதெல்லாம் இரும்புல ஒட்டினதைக் கிட்டப் போய்த் தொடாது. அதனால உள்ள கம்பி வைக்க நான் துணிய மாட்டேன். வளையம்தான், மாசக்கணக்குல. கொஞ்சம் கொஞ்சமா எலும்பை இழுத்து வளர்க்கணும். ஒரு வேளை மாத்திரைகூடத் தவறக் கூடாது. இதுவும் பழகிடுச்சுன்னா அப்புறம் காலை எடுக்கிறதைத் தவிர வழியில்ல. புரியுதா?"

"புரியுது. கால் இருக்கும்ல டாக்டர்?"

"இன்னைக்கு இருக்கு. இருக்க வைப்போம்."

கண்ணாடிக்காரர் ஒன்றும் கேட்காமல் தன் கைக்குட்டையை நீட்டினார். வேர்வையில் நனைந்த கைக்குட்டை. இருந்தாலும் வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

வீட்டில் மாமா கேட்டார். என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டியிருந்தால் அந்த வயசுக்கு அவர் தாங்கியிருக்க மாட்டார். "கால் இருக்கு மாமா. அந்த மருந்து போச்சு" என்று மட்டும் சொன்னேன். மருந்துக்கடைக்காரருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த சிக்கல். மாத்திரை மூன்று வேளை. காலையும் இரவும் நான் பார்த்துக்கொள்வேன். மத்தியான வேளைக்கு நான் ஏதாவது ஒரு ரோட்டில் யாரிடமாவது கத்திக்கொண்டிருப்பேன். வேலையை விட்டால் சோற்றுக்கு வழியில்லை. அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்றால், வலி மாத்திரை மயக்கத்தில் பகலா இரவா என்றே தெரியாமல் கிடக்கிறார். வேறு ஆள் கிடையாது. யோசித்து யோசித்துப் பார்த்தேன், கிடையவே கிடையாது.

"அப்பாகிட்ட குடு" என்றார் அவர்.

"என்ன பேசறீங்க? புத்தி இருந்துதான் பேசறீங்களா?"

"அப்பாகிட்ட குடு டீச்சர். என் கால்தானே?"

கூடத்துக்குப் போனேன். மாமா எழுந்து நின்றார். மத்தியான மாத்திரையை நீட்டினேன். அவர் கை பின்னால் போனது.

"என்கிட்ட வேண்டாம்மா. நான் தொட மாட்டேன்."

"தொட்டுத்தான் ஆகணும்!" எனக்குக் குரல் உடைந்துவிட்டது. "எனக்கு வேற யார் இருக்கா? உங்களை நம்பலாமான்னு எனக்கே தெரியல மாமா, பட்டுன்னு சொல்லிடறேன். ஆனா நம்பறதைத் தவிர வேற வழியில்ல. மணி தவறக் கூடாது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வேற எதுவும், ஒரு பொடிகூட, அவர் வாயில போகக் கூடாது. பிடிங்க."

பிடித்துக்கொண்டார். கவுன்டருக்குப் பின்னால் நின்று எத்தனையோ மாத்திரைகளை அள்ளிக் கொடுத்த கை, அந்த ஒரு மாத்திரையைப் பிடிக்க இன்னொரு கையையும் துணைக்குக் கூப்பிட்டது.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மத்தியானம் போன் பண்ணிக் கேட்கலாமா என்று கை துறுதுறுத்தது. பண்ணவில்லை. பண்ணினால் அவர் குரலை வைத்து எதையாவது கற்பனை பண்ணிக்கொண்டு ஓடி வந்திருப்பேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் வாடைதான் மூக்கில் அடித்தது. மாமாவின் டீ கப் வழக்கம்போல நாற்காலிக்கு அடியில் கிடந்தது. உள்ளே, என் வீட்டுக்காரர் வளையம் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல். ஸ்டூலின் மேல் மூத்திரப் பாட்டில், மேலே ஒரு தட்டைப் போட்டு மூடியிருந்தது. மாமா அதற்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்பதுபோல நின்றிருந்தார்.

"என்ன மாமா இது? கொட்டலையா?"

"காலையிலேருந்து கொட்டலம்மா. நீ கலரைப் பாத்துட்டுச் சொன்னா கொட்டிடலாம்னு வச்சிருக்கேன்."

"சீக்கிரம் பாரு டீச்சர்" என்றார் கட்டிலில் இருந்தவர். "சாயங்காலம் வரைக்கும் மூக்கைப் பிடிச்சிக்கிட்டே படுத்திருக்கேன். கிருமியில சாகலேன்னாலும் இதுல செத்துடுவேன் போல."

தட்டை எடுத்துவிட்டுப் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினேன். டாக்டரம்மா பார்த்த மாதிரியே பார்த்தேன். வெறும் மஞ்சள், எல்லோருக்கும் வருகிற மஞ்சள். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்கு மாமா."

"கொட்டிடவா?"

பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன்.

"கொட்டுங்க" என்றேன். "நாளைக்கும் வைங்க."

"சரிம்மா" என்றார் மாமா.